ஆவரேஜ் ஸ்பீடும் ஆடிக் காத்தும்

கீவளூர்க்காரன் எதிர்க்காத்தைப் பத்திப் பேசினா கொஞ்சம் காது குடுத்துக் கேக்கணும். (கீழ்வேளூர்னு போர்டுல இருக்கும், பஸ்ல கேட்டா கீவளூர்தான்.) எங்க ஊர்ல மேடுன்னு ஒண்ணு உண்டுன்னா அது கோச்செங்கட் சோழன் கட்டினதா சொல்ற மாடக்கோயிலோட படிக்கட்டு மட்டும்தான். மத்ததெல்லாம் தட்டை. மலைப்பக்கம் சைக்கிள் விடுறவங்களுக்கு ஏத்தம் எப்படியோ, எங்களுக்கு ஆடிக் காத்து அப்படி. ஏத்தத்துக்காவது உச்சின்னு ஒண்ணு வரும். காத்துக்கு அதுவும் கிடையாது.

நான் பொட்டி தட்டுற ஆளு. 2020 ஊரடங்குல வீட்டுக்கு வந்தவன், வீட்ல இருந்தே ஆணி புடுங்கிட்டு இருக்கேன். தொப்பை எட்டிப் பார்த்ததும் பக்கத்து டவுன் சைக்கிள் குழு ஒண்ணுல சேர்ந்தேன். பேர் வேணாம், எல்லாம் நல்ல பசங்க. வாட்ஸப்புல ஒவ்வொரு சனிக்கிழமையும் ராத்திரி ஒரே அறிவிப்பு வரும்: "ஜாலி ரைடு, நோ டிராப், யாரையும் விட்டுட்டுப் போக மாட்டோம்". பிரச்சினையே அந்தக் கடைசி வாக்கியத்துலதான்.

போன ஆடியில ஒரு ஞாயித்துக்கிழமை. கோயில் வாசல்ல கிளம்பி தேவூர், கச்சனம், திருவாரூர்னு சுத்தி திரும்ப ஊருக்கு. பன்னெண்டு பேர். பதினோரு பேருகிட்ட கியர் சைக்கிள், ஹெல்மெட், கைக்கடிகாரத்துல ஸ்ட்ராவா. பன்னெண்டாவது ஆள் ரிட்டயர்டு வாத்தியார் ஒருத்தர். அறுபது தாண்டிட்டார். கேரியர், ஸ்டாண்டு, செயின் கவர் எல்லாம் வச்ச அந்தக் காலத்துச் சைக்கிள், இருபது கிலோவுக்குக் குறையாது. பசங்க சிரிச்சாங்க. நானும்தான்.

தேவூர் வரைக்கும் கதை பேசிக்கிட்டே போனோம். மேட்டூர்ல திறந்த தண்ணி கடைமடைக்கு எப்ப வந்துச்சு, குறுவை போட்டவன் பொழைப்பானா, இப்படி. ஜாலி ரைடுன்னா எனக்கு இதுதான். தேவூர் தாண்டினதும் தென்மேற்குக் காத்து மூஞ்சியில அறைஞ்சுது. முன்னாடி இருந்த ஒருத்தன் கடிகாரத்தைப் பாத்துட்டு "ஆவரேஜ் விழுதுடா"ன்னான். அவ்வளவுதான், எல்லாரும் குனிஞ்சு மிதிக்க ஆரம்பிச்சாச்சு. சார் பின்தங்கினது எனக்குத் தெரியும். திரும்பிப் பாத்தேன். ஒரு பனைமரம் தூரத்துல வெள்ளைச் சட்டை தெரிஞ்சுது. அப்புறம் அதுவும் தெரியல. நான் நிக்கல.

இன்ஜினியரிங் படிச்ச பாவத்துக்கு ஒண்ணு சொல்லிடறேன். காத்தோட எதிர்ப்பு வேகத்தோட வர்க்கத்துக்கு ஏத்தாப்ல ஏறும். அடுத்தவன் சக்கரத்தை ஒட்டிப் பின்னாடியே போனா உழைப்புல கால் பங்குக்கு மேலகூட மிச்சமாகும். அதாவது எங்க ஊர்ல கூட்டம்கிறதே ஒரு காத்துத் தடுப்பு. இருக்கிறதுலயே பலவீனமான ஆளை அதுக்கு வெளியில விட்டுட்டு, பலமான பத்து பேர் ஒருத்தன் முதுகுல ஒருத்தன் ஒளிஞ்சுக்கிட்டுப் போறதை "நோ டிராப்"னு சொல்றது அநியாயம்.

இதைச் சொன்னா, "சீரியஸா ஓட்டுறவங்க இப்படித்தான் பாஸ்"ங்கறாங்க. ஓடாக்ஸ் ரைடை விடவா சீரியஸ்? 200 கிலோமீட்டரை 13.5 மணி நேரத்துல முடிக்கணும், 600னா 40 மணி நேரம். ஆனா முதலிடம், ரெண்டாமிடம்னு எதுவும் கிடையாது. நேரத்துக்குள்ள முடிச்ச எல்லாரும் ஒண்ணுதான். அவ்வளவு தூரம் போகணும்னுகூட இல்ல, புதுக்கோட்டையப் பாருங்க. 1990களோட ஆரம்பத்துல அறிவொளி இயக்கம், ஷீலா ராணி சுங்கத் கலெக்டர், ஆயிரக்கணக்கான பொம்பளைங்க சைக்கிள் கத்துக்கிட்டாங்க. ஒருத்தி மிதிக்க ஒருத்தி பின்னாடி பிடிச்சுக்கிட்டு ஓடித்தான் கத்திருப்பாங்க. அங்க யாரு ஆவரேஜ் பாத்தா?

மிச்சக் கதையையும் சொல்லிடறேன். கச்சனத்துல டீ குடிச்சு, திருவாரூர்லேர்ந்து முதுகுக் காத்துல பறந்து வந்து, கோயில் வாசல்ல ஆவரேஜ் 26ன்னு போட்டோ புடிச்சாங்க. சாருக்குப் போன் அடிச்சா எடுக்கல. ரெண்டு மணி நேரம் கழிச்சு வேர்த்து விறுவிறுத்து வந்து சேர்ந்தார். மத்தவங்க கிளம்பிட்டாங்க, நான் மட்டும் இருந்தேன்.

"என்ன சார், பஞ்சரா?"

"இல்ல தம்பி. வெண்மணியில நினைவிடத்துல கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன். உங்களுக்கெல்லாம் காட்டலாம்னுதான் இந்த ரூட்டையே சொன்னேன்."

1968 டிசம்பர் 25, கூலி உயர்வு கேட்ட சனங்கள்ல 44 பேரை ஒரே குடிசையில வச்சுக் கொளுத்தின ஊரு. பெரும்பாலும் பொம்பளைங்களும் குழந்தைங்களும். எங்க வீட்லேர்ந்து சைக்கிள் மிதிக்கிற தூரம். அன்னிக்கு அந்தப் பக்கம் போனப்ப நான் கடிகாரத்தைப் பாத்துக்கிட்டு இருந்திருக்கேன்.

குழுவுல ஒரு யோசனை போட்டேன். கால்ல பலம் உள்ளவன் முன்னாடி போய்க் காத்தை வாங்கட்டும், எவ்வளவு வேகம்னு கடைசியில வர்றவர் சொல்லட்டும்னு. "அப்ப ஆவரேஜ் பதினாறுக்கு வந்துடுமே"ன்னு பதில் வந்துச்சு. வரும்தான்.

இதுவரைக்கும் நாலு பேர் சரின்னிருக்காங்க. சாரும் வர்றேன்னுட்டார். வர்ற ஞாயிறு காலைல ஆறு மணிக்குக் கோயில் வாசல். தேவூர்ல டீ, வெண்மணியில அரை மணி நேரம்.