எண்ணெய்க் கிணறும் பைத்துல்மாலும்



கச்சா எண்ணெய் விலை இறங்கிவிட்டது என்று செய்தி வந்தால், பெட்ரோல் விலை குறையுமா என்ற கேள்வியோடு பலருக்கு விஷயம் முடிந்துவிடும். நம் சமுதாயத்துக்கு அப்படி முடிவதில்லை. மகனையும் மருமகனையும் வளைகுடாவுக்கு அனுப்பிவிட்டு, மாதம் பிறந்தால் பணம் வருமா என்று எதிர்பார்த்திருக்கும் ஊர்கள் நம்முடையவை. அந்த ஊர்களின் கடைத்தெருவில் துணிக்கடையும் மளிகைக்கடையும் நகைக்கடையும் ஓடுவதில் அந்தப் பணத்துக்குப் பெரும் பங்கு உண்டு. ஆகவே ரியாதிலும் குவைத்திலும் இருக்கும் அரசுகள் எண்ணெய்ப் பணத்தை எப்படிச் செலவிடுகின்றன என்பது பொருளாதாரப் பேராசிரியர்களின் விவாதம் மட்டுமல்ல. நம் வீட்டு அடுப்படிக்கும் கல்லாப்பெட்டிக்கும் சேர்ந்த விவகாரம் அது!

நடந்ததைச் சற்று நினைவுபடுத்திப் பாருங்கள். 2014 ஜூனில் பீப்பாய்க்கு 110 டாலருக்கு மேல் விற்ற எண்ணெய், 2016 ஜனவரியில் 30 டாலருக்கும் கீழே போனது. சவூதி அரசின் 2015ஆம் ஆண்டுக் கணக்கில் 36,700 கோடி ரியால் துண்டு விழுந்தது. அரசு முதலில் எதை நிறுத்தியது? ஒப்பந்தக்காரர்களுக்குக் கொடுக்க வேண்டிய பணத்தை! ஒப்பந்தக்காரர் எதை நிறுத்தினார்? தொழிலாளியின் சம்பளத்தை! 2016இல் ஆயிரக்கணக்கான இந்தியத் தொழிலாளர்கள் மாதக்கணக்கில் சம்பளமின்றி, முகாம்களில் உணவுக்கே வழியின்றித் தவித்தார்கள். நம் தூதரகம் உணவு வழங்க வேண்டிய நிலை வந்தது.

அதோடு நின்றதா? 2017 ஜூலையிலிருந்து, உடன் வசிக்கும் குடும்பத்தினர் ஒவ்வொருவருக்கும் மாதம் 100 ரியால் கட்டணம் என்றார்கள். அது ஆண்டுதோறும் ஏறி 2020இல் 400 ரியால் ஆனது. மனைவியும் மூன்று பிள்ளைகளும் உடன் இருந்தால் மாதம் 1,600 ரியால். நடுத்தரச் சம்பளக்காரர் எங்கே போவார்? குடும்பத்தை விமானம் ஏற்றி ஊருக்கு அனுப்பியவர்கள் எத்தனை பேர் என்பது உங்கள் தெருவைக் கேட்டாலே தெரியும். 2018 ஜனவரியில் 5 சதவீதமாக வந்த மதிப்புக் கூட்டு வரி, 2020 ஜூலையில் 15 சதவீதமாக உயர்ந்தது.

விலை விழுந்ததுதான் காரணம் என்று சொல்லிவிட்டுப் போய்விடலாமா? கூடாது. எண்ணெய் விலை ஏறும், இறங்கும். அது இன்று நேற்று வந்த வழக்கமல்ல. 1985 இறுதியில் 25 டாலருக்கு மேல் இருந்த விலை, 1986 நடுவில் 10 டாலர் அளவுக்குச் சரியவில்லையா? விலை ஏறிய காலத்தில் என்ன செய்தார்கள் என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

முதலா, லாபமா?

வணிகப் பெருமக்களே! இந்தக் கணக்கு உங்களுக்கு எளிதில் புரியும். கடையில் இருக்கும் சரக்கை விற்று, மாலையில் கல்லாவில் விழுந்த பணம் முழுவதையும் லாபம் என்று எடுத்துச் செலவழிக்கும் வியாபாரியை என்னவென்று சொல்வீர்கள்? ஒரு வருடம் ராஜாவாக வாழ்வான். அடுத்த வருடம் அலமாரி காலியாக இருக்கும். பூமிக்குள் இருக்கும் எண்ணெயும் அப்படித்தான். அது சரக்கு இருப்பு. அதுவும் மறுகொள்முதல் செய்ய முடியாத சரக்கு! ஒரு பீப்பாய் விற்றால் இருப்பில் ஒரு பீப்பாய் குறைகிறது. வரும் பணத்தில் பெரும் பகுதி முதல், லாபம் கொஞ்சம்தான். ஆனால் எண்ணெய் நாடுகளின் வரவு செலவுத் திட்டங்களில் முதலும் லாபமும் ஒரே பெட்டியில் விழுகின்றன.

இன்னொரு சிக்கலும் உண்டு. வரவு ஏறும்போது செலவு தானாக ஏறுகிறது. வரவு இறங்கும்போது செலவு இறங்க மறுக்கிறது. 2011இல் அரபு நாடுகளில் மக்கள் எழுச்சி வெடித்தபோது, சவூதி அரசு சுமார் 13,000 கோடி டாலர் மதிப்புள்ள சலுகைகளை அறிவித்தது. உள்துறையில் மட்டும் 60,000 புதிய வேலைகள்! விலை வீழ்ந்த பிறகு 2016 செப்டம்பரில் அரசு ஊழியர்களின் படிகளை வெட்டினார்கள். ஏழே மாதத்தில், 2017 ஏப்ரலில், திரும்பக் கொடுத்துவிட்டார்கள். ஒருமுறை கொடுத்த சம்பளத்தைத் திரும்ப வாங்க எந்த அரசாலும் எளிதில் முடியாது. ஆகவே கை வைக்க எளிதான இடத்தில் கை வைக்கிறார்கள். பாலம் கட்டும் வேலை நிற்கும். அந்த வேலையை நம்பிக் கடல் கடந்து வந்தவன் நிற்பான்.

நியாயத்தையும் சொல்லிவிட வேண்டும். 1990களின் இறுதியில் நாட்டின் ஓராண்டு உற்பத்திக்கு ஏறக்குறைய சமமாக இருந்த கடனை, 2014க்குள் 2 சதவீதத்துக்கும் கீழே கொண்டுவந்தது அதே சவூதி அரசுதான். 70,000 கோடி டாலருக்கு மேல் கையிருப்பும் சேர்த்திருந்தது. அந்தச் சேமிப்பு இல்லாதிருந்தால் 2016இன் அடி இன்னும் பலமாக விழுந்திருக்கும். சேமிப்பு காப்பாற்றியது, கட்டுப்பாடற்ற செலவு அதைக் கரைத்தது.

உமர் (ரலி) காட்டிய வழி

இதெல்லாம் மேல்நாட்டார் கண்டுபிடித்த தத்துவம் என்று எண்ணிவிடாதீர்கள். ஏழு செழிப்பான ஆண்டுகளின் விளைச்சலைச் சேமித்து, ஏழு பஞ்ச ஆண்டுகளைக் கடத்திய யூசுஃப் நபி (அலை) அவர்களின் வரலாறு நம் பிள்ளைகளுக்கு மதரஸாவில் சொல்லித் தரப்படுகிறது. கிடைத்த காலத்தில் அளந்து செலவிடு என்ற பாடம் அதில் இருக்கிறது.

அதைவிடக் கூர்மையான பாடம் கலீஃபா உமர் (ரலி) அவர்களின் ஆட்சியில் உண்டு. ஈராக்கின் செழிப்பான ஸவாத் நிலப்பகுதி முஸ்லிம்களின் கைக்கு வந்தது. போரிட்ட வீரர்களுக்கு அதைப் பங்கிட்டுத் தர வேண்டும் என்று பலர் கேட்டார்கள். கேட்டவர்கள் சாதாரணமானவர்கள் அல்லர். பிலால் (ரலி), ஸுபைர் (ரலி) போன்ற மூத்த தோழர்கள். உமர் (ரலி) இணங்கவில்லை. இன்றைக்கு நிலத்தைப் பங்கிட்டு முடித்துவிட்டால் பின்னால் வரும் தலைமுறைக்கு என்ன மிஞ்சும், எல்லையைக் காப்பதற்கும் விதவைகளுக்கும் அநாதைகளுக்கும் எதிலிருந்து கொடுப்பது என்று கேட்டார்கள். தாமே முடிவெடுத்துவிடவும் இல்லை. பல நாட்கள் ஆலோசனை நடத்தி, அன்சாரிகளின் பெரியவர்களை அழைத்து, தம் வாதத்தை முன்வைத்தார்கள். முடிவில் நிலம் உழுபவர்களிடமே விடப்பட்டது. உஸ்மான் பின் ஹுனைஃப் (ரலி) அனுப்பப்பட்டு, நிலம் அளக்கப்பட்டு, வரி விதிக்கப்பட்டது. அந்த வருவாய் பைத்துல்மாலுக்கு வந்தது.

இதில் மூன்று செய்திகள் இருக்கின்றன. முதல் அப்படியே இருக்க வேண்டும்; விளைச்சலை உண்ண வேண்டும். பிறக்காத தலைமுறைக்கும் பங்கு உண்டு. முடிவு நாலு பேர் கேட்கும்படி, விவாதித்து எடுக்கப்பட வேண்டும்.

குவைத்தும் நார்வேயும்

இந்தப் பாடத்தை எண்ணெய்க் காலத்தில் முதலில் எடுத்துக்கொண்ட நாடுகளில் குவைத்தும் ஒன்று. சுதந்திரம் அடைவதற்கு எட்டு ஆண்டுகள் முன்பே, 1953இல், எண்ணெய் உபரியை முதலீடு செய்ய லண்டனில் வாரியம் அமைத்தது. 1976இல் வருங்காலத் தலைமுறையினருக்கான நிதியைச் சட்டம் போட்டு உருவாக்கி, ஆண்டு வருவாயில் 10 சதவீதத்தை அதில் சேர்த்தது. 1990 ஆகஸ்டில் சதாம் ஹுசைனின் படை நாட்டையே பிடித்தபோது கிணறுகள் கையைவிட்டுப் போயின. பின்வாங்கிய படை அவற்றுக்குத் தீயும் வைத்தது. ஆனால் வெளிநாட்டில் இருந்த முதலீடு அந்நாட்டு மக்களுக்குச் சோறு போட்டது, நாட்டைத் திரும்பக் கட்டவும் உதவியது. அதே குவைத்தும் சம்பளத்திலும் மானியத்திலும் சிக்கிக்கொண்டது. உபரி இல்லாத ஆண்டுகளில் அந்த 10 சதவீதத்தைச் சேர்க்க வேண்டியதில்லை என்று 2020இல் சட்டத்தைத் திருத்த வேண்டியதாயிற்று.

நார்வேயைப் பற்றி எல்லோரும் பேசுகிறார்கள். 1990இல் சட்டம், 1996இல் முதல் தொகை, 2001இல் செலவு விதி. எண்ணெயிலிருந்து அரசுக்கு வரும் பணம் நிதிக்குள் போகும். காலப்போக்கில் அந்த நிதி ஈட்டும் என்று கணக்கிடப்படும் அளவுக்கு மட்டுமே அரசு எடுத்துச் செலவிடலாம். அந்த அளவு முதலில் 4 சதவீதம். 2017இல் 3 சதவீதமாகக் குறைக்கப்பட்டது. நிதியின் மதிப்பு ஒன்றரை இலட்சம் கோடி டாலரைத் தாண்டிவிட்டது. அது வட்டிப் பத்திரங்களிலும் முதலீடு செய்கிறது. அதை நாம் பின்பற்றப் போவதில்லை. எடுத்துக்கொள்ள வேண்டியது அந்த ஒழுங்கைத்தான்.

பலருக்குத் தெரியாத செய்தி ஒன்று உண்டு. நார்வேயின் எண்ணெய் நிர்வாகத்துக்கு அடித்தளம் இட்டவர்களில் ஒருவர், ஈராக்கின் பஸராவைச் சேர்ந்த ஃபாரூக் அல் காஸிம்! நிலவியல் நிபுணரான அவர், நோயுற்ற மகனின் சிகிச்சைக்காக 1968இல் நார்வே சென்றார். வேலை தேடி அமைச்சகத்தின் கதவைத் தட்டியவரிடமிருந்து அந்நாடு பாடம் கேட்டது. எந்த ஈராக்கில் உமர் (ரலி) நிலத்தை வருங்காலத்துக்காக நிறுத்தி வைத்தார்களோ, அந்த ஈராக்கின் மகன் வடக்குக் கடலில் போய் வழிகாட்டினார். அவருடைய சொந்த நாட்டிலோ எண்ணெய்ப் பணம் பீரங்கியாகவும் விமானமாகவும் மாறி, எட்டு ஆண்டுகள் ஈரானோடு நடந்த போரில் எரிந்துபோனது. நமக்கு அறிவாளிகள் இல்லாமல் போகவில்லை. அவர்களுக்குக் காது கொடுக்கும் அரசுகள்தாம் இல்லை!

அல்ஜீரியாவின் காலிப் பெட்டி

சட்டம் போட்டு நிதி அமைத்துவிட்டால் போதுமா? அல்ஜீரியாவைப் பாருங்கள். அதன் ஏற்றுமதி வருவாயில் மிகப் பெரும் பகுதி எண்ணெயும் எரிவாயுவும்தான். 1986 விலை வீழ்ச்சி அந்நாட்டை முறித்தது. 1988 அக்டோபரில் இளைஞர்கள் தெருவில் இறங்கினார்கள். நூற்றுக்கணக்கானோர் சுடப்பட்டு மடிந்தார்கள். 1991 டிசம்பரில் நடந்த தேர்தலின் முதல் சுற்றில் இஸ்லாமிய மீட்பு முன்னணி வென்றது. 1992 ஜனவரியில் இராணுவம் அந்தத் தேர்தலையே ரத்துச் செய்தது. பிறகு ஓடிய இரத்தத்தில் ஒரு இலட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாக மதிப்பிடுகிறார்கள். எண்ணெய் விலை மட்டுமே அத்தனைக்கும் காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனால் வேலையற்ற இளைஞனின் கோபத்துக்கு எண்ணெய் ஊற்றியது அதுதான்.

பாடம் படித்த அரசு 2000இல் ஒரு நிதி அமைத்தது. வரவு செலவுத் திட்டத்துக்கு எண்ணெய் விலையைக் குறைவாக வைத்துக் கணக்கிடுவது, அதற்கு மேல் வருவதை நிதியில் போடுவது என்பது ஏற்பாடு. 2008க்குப் பிறகு அந்தக் கணக்கு விலை 37 டாலர். கேட்க நன்றாக இருக்கிறது அல்லவா? ஆனால் செலவை யார் அளந்தார்கள்? சம்பளமும் மானியமும் ஏறி, கணக்குச் சரிக்கட்ட 100 டாலருக்கு மேல் விலை தேவைப்படும் நிலை வந்தது. ஏட்டில் 37, நடப்பில் 100! துண்டு விழுந்ததையெல்லாம் நிதியிலிருந்து எடுத்தே அடைத்தார்கள். 2017இல் பெட்டி காலி. அதே ஆண்டு மத்திய வங்கியே அரசுக்குப் பணம் அச்சடித்துக் கொடுக்கச் சட்டம் திருத்தப்பட்டது. 2019 பிப்ரவரியில் மக்கள் மீண்டும் தெருவுக்கு வந்தார்கள். ஏப்ரலில் அதிபர் பூத்தஃப்லிகா பதவி விலகினார்.

நார்வேயிலும் நிதி, அல்ஜீரியாவிலும் நிதி. வேறுபாடு எங்கே? ஒரு நாட்டில் எவ்வளவு வந்தது, எங்கே போட்டார்கள், எவ்வளவு எடுத்தார்கள் என்று எந்தக் குடிமகனும் பார்க்கலாம். மீறினால் நாடாளுமன்றத்தில் கேட்பார்கள். மற்ற நாட்டில் பெட்டியின் சாவியும் கணக்கேடும் ஒரே கையில் இருந்தன. மேடையில் நின்ற உமர் (ரலி) அவர்களிடமே, உங்கள் உடைக்கு மட்டும் துணி எப்படிக் கூடுதலாக வந்தது என்று ஒருவர் கேட்டதாக நாம் பெருமையோடு சொல்கிறோம். அந்தக் கேள்வியைக் கேட்க இடமில்லாத நாட்டில் எந்த நிதி நிலைக்கும்?

பசித்திருப்பவனிடம் சேமிக்கச் சொல்வது நியாயமா என்று சிலர் கேட்பார்கள். நியாயமான கேள்வி. ஏழை நாடு பணத்தை வெளிநாட்டில் பூட்டி வைக்க வேண்டும் என்று யாரும் சொல்லவில்லை. பள்ளிக்கூடம், குடிநீர், மருத்துவமனை, விவசாயம், தொழிற்சாலை என்று எண்ணெய் தீர்ந்த பிறகும் நிற்கக்கூடியவற்றில் போட்டால், அது முதலைத் தின்பதாகாது. முதல் உருமாறுகிறது, அவ்வளவுதான். ஆயுதத்துக்கும் அரண்மனைக்கும், வாயடைக்கக் கொடுக்கும் சலுகைக்கும் கொட்டுவதுதான் அழிவு.

இளைஞர்களே!

வளைகுடா நாடுகளின் கொள்கையை நாம் இங்கிருந்து மாற்ற முடியாது. ஆனால் நம் வீடுகளும் சின்னச் சின்ன எண்ணெய் நாடுகள்தாம் என்பதை மறந்துவிடாதீர்கள். ஒருவன் அயல்நாட்டில் உழைக்கும் இருபது ஆண்டுகள்தாம் அந்த வீட்டின் கிணறு. அது வற்றும் நாள் நிச்சயம் உண்டு. பணம் வரும் காலத்தில் பளிங்குத் தரையும் ஊர் மெச்சும் கல்யாணமுமாகக் கரைத்துவிட்டு, திரும்பி வந்தவன் ஐம்பது வயதில் மீண்டும் விசாவுக்கு அலைவதை நாம் பார்க்கவில்லையா? வரும் பணத்தில் ஒரு பங்கைப் பிள்ளைகளின் படிப்பாகவும், ஊரில் ஒரு தொழிலாகவும், நாலு பேருக்கு வேலையாகவும் மாற்றுங்கள். வணிகர்கள் அப்படிப்பட்ட இளைஞர்களைக் கூட்டுத் தொழிலில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குக் கேட்கும் பழக்கத்தையும் வீட்டிலிருந்தே தொடங்குவோம். ஜமாஅத்தில், வக்ஃபு சொத்தில், நம் சங்கங்களில் வரவு என்ன, செலவு என்ன என்று மரியாதையோடு, ஆனால் தயங்காமல் கேட்போம். பொறுப்பில் இருப்பவர்கள் அதைக் குற்றச்சாட்டாக எண்ணாமல், அமானிதத்தின் ஒரு பகுதியாக எண்ணிப் பதில் சொல்லட்டும். பைத்துல்மால் என்ற சொல்லைப் பெருமையோடு உச்சரிக்கும் சமுதாயம், அதன் கணக்கேட்டைத் திறந்து வைக்கவும் கற்றுக்கொள்ள வேண்டும்.

கிணற்றைக் கொடுத்தவன் அல்லாஹ். அதில் நம் பேரப்பிள்ளைகளுக்கும் பங்கு இருக்கிறது. அவர்கள் பங்கையும் சேர்த்துக் குடித்துவிட நமக்கு உரிமை கொடுத்தது யார்?

சிந்திப்போம்!