வீடு மட்டும் போதுமா?

பழைய வீடு என்றதும் பலர் கடப்பாரையைத் தேடுகிறார்கள். அது தவறு.

ஓசூரை அடுத்த தொரப்பள்ளியில், 1878-ல் ராஜாஜி பிறந்த எளிய வீட்டை அரசு நினைவு இல்லமாகக் காத்து வருகிறது. பராமரித்தால் வீடு நிலைக்கும்.

தென்பெண்ணைக் கரையிலுள்ள பழைய வீட்டுக்கும் அப்படியே. உடைந்த ஓட்டை மாற்றலாம். சுவருக்குச் சுண்ணாம்புச் சாந்து பூசலாம். ஈரம் தங்காமல் காயும். பிறகு குடியேறலாம்.

ஆனால், வாசலில் ஓடும் ஆறு? நந்தி மலையில் பிறக்கும் தென்பெண்ணை, பெங்களூருப் பக்கத்துக் கழிவைச் சுமந்து ஓசூருக்கு வருகிறது. கெலவரப்பள்ளி அணையில் அவ்வப்போது நுரை பொங்குகிறது. நாற்றம் வீசினால் ஆற்றங்கரை வீடு எதற்கு?

எல்லையின் இருபுறமும் ஊர்களும் ஆலைகளும் கழிவைச் சுத்தம் செய்தே வெளியே விடவேண்டும். இரு மாநில அரசுகளும் சேர்ந்து இதைக் கண்காணிக்க வேண்டும்.

வீட்டைக் கொத்தனார் சீராக்குவார். ஆற்றை அரசுகள்தான் சீராக்க வேண்டும்!