மெமோ கொடுக்க வேண்டியது சிஸ்டருக்கு இல்ல, எக்செல்லுக்கு

ஜவ்வாது மலையில அரசு டாக்டரா இருக்கேன். இன்னிக்கு இழை நோயைப் பத்தி இல்ல, எக்செல்லைப் பத்தி. சிரிக்காதீங்க, இதுல ஒரு கர்ப்பிணி இருக்காங்க.

"ஊழியர்களின் கவனக்குறைவால் தரவுகளில் பிழை." மீட்டிங்குக்கு மீட்டிங் இதே வாக்கியம். இதை எழுதறவங்க ஒரு தடவையாவது ஒரு யூரின் ரிப்போர்ட்டை எக்செல்ல டைப் பண்ணிப் பார்த்திருப்பாங்களா?

நீங்களே பாருங்க. புது ஷீட்ல சீழ் அணுக்கள் 2-4னு அடிங்க. ஏப்ரல் 2 ஆயிடும். மூணு மாசக் குழந்தைன்னு நாங்க எழுதற 3/12, டிசம்பர் 3. மூணு வேளை மாத்திரை 1-1-1, 2001 ஜனவரி 1. ஆனா 1-0-1 தப்பிச்சுடும், ஏன்னா 0-வது மாசம்னு ஒண்ணு கிடையாது!

12 இலக்க ஆர்.சி.எச். எண் 1.23-ன்னு சுருங்கி பக்கத்துல ஈ+11னு நிக்கும். வங்கிக் கணக்கு எண் 16 இலக்கமா? கடைசி இலக்கம் சத்தமில்லாம 0 ஆயிடும். எக்செல் 15 இலக்கத்துக்கு மேல ஞாபகம் வச்சுக்காது. உதவித்தொகை ஏன் வரலைன்னு அந்த அம்மா சிஸ்டரைத்தான் கேப்பாங்க.

"ஃபார்மேட்டை டெக்ஸ்ட்னு மாத்திட்டா போச்சு"ன்னு ஒருத்தர் வருவார். டைப் பண்ணின பிறகு மாத்தினா 2-4 திரும்ப வராது சார். 2024-ல அடிச்சதுன்னா 45384னு வரும். முதல்லயே மாத்தணும்.

இது மலைக்காரங்க பிரச்சனை மட்டும் இல்ல. மார்ச்1, செப்ட்1னு ஜீன்கள் இருந்துச்சு. எக்செல் அதையும் தேதியாக்கிச்சு. 2016-ல வந்த ஆய்வுல, எக்செல் ஜீன் பட்டியல் இணைச்ச கட்டுரைகள்ல கிட்டத்தட்ட அஞ்சுல ஒண்ணுல இந்தப் பிழை. 2020-ல ஜீன் பேரையே மார்ச்எஃப்1, செப்டின்1னு மாத்திக்கிட்டாங்க. மைக்ரோசாஃப்ட் இதுல சிலதை நிறுத்த ஒரு வசதி கொடுத்தது 2023-ல. நம்ம பழைய கம்ப்யூட்டர்ல அது இல்ல. விஞ்ஞானிகளுக்குப் பேர் மாற்றம், நம்ம சிஸ்டருக்கு மெமோ.

இப்ப கர்ப்பிணி விஷயம். கடைசி மாதவிடாய் 08/05/2024, அதாவது மே 8. கம்ப்யூட்டர் அமெரிக்க செட்டிங்ல இருந்துச்சு. அது ஆகஸ்ட் 5னு எடுத்துக்கிச்சு. 280 நாள் கூட்டினா பிரசவம் வரவேண்டியது பிப்ரவரி 12. ஷீட்ல மே 12. முதல் குழந்தை சிசேரியன். பிப்ரவரி லிஸ்ட்ல பேர் இல்ல. மலையிறங்கி போளூர் போய் அங்கிருந்து திருவண்ணாமலை போகணும், வலி வந்தப்புறம் வண்டி தேடற ஊர் இல்ல இது. காப்பாத்தினது சிஸ்டரோட நோட்டு. பேனால எழுதின தேதியைப் பார்த்து, வீட்டுக்கே போய், முன்கூட்டியே கூட்டிட்டுப் போய் அட்மிட் பண்ணாங்க. தாயும் பிள்ளையும் நலம். அடுத்த வாரம் "நோட்டுக்கும் ஷீட்டுக்கும் வேறுபாடு"ன்னு அவங்களுக்கே விளக்கம் கேட்டு ஓலை!

கணக்குப் போட்டுப் பாருங்க. நாள் 12-க்குள்ள இருந்தா இடம் மாறும். 12 மாசம் x 12 நாள், 144. நாளும் மாசமும் ஒண்ணா இருக்கற 12 தேதியைக் கழிச்சா 132. வருஷத்துல 132 தேதி எந்த எச்சரிக்கையும் இல்லாம தப்பாகும்.

கண்டுபிடிக்கறது சுலபம். தேதி காலத்துல சிலது இடது பக்கம், சிலது வலது பக்கம் ஒட்டியிருக்கா? 13, 20, 28 எல்லாம் இடப்பக்கம்னா வலப்பக்கம் இருக்கறதை நம்பாதீங்க. கம்ப்யூட்டர் ரீஜனை இந்தியான்னு மாத்துங்க, கூகுள் ஷீட்னா லொகேல். ஆனா ஏற்கனவே ஏறினது அதனால சரியாகாது, நோட்டைப் பார்த்து ஒவ்வொண்ணா திருத்தணும். இனிமே 8-மே-2024னு மாசத்தை எழுத்துல அடிங்க. எண்கள் காலத்தை முதல்லயே டெக்ஸ்ட் ஆக்குங்க, இல்ல முன்னாடி ஒரு ஒற்றை மேற்கோள் குறி போடுங்க. சி.எஸ்.வி. ஃபைலை டபுள் கிளிக் பண்ணித் திறந்து சேவ் பண்ணவே பண்ணாதீங்க, நீளமான எண்கள் நிரந்தரமா போயிடும்.

இதையெல்லாம் 200 வீடு ஏறி இறங்கற சிஸ்டர் செய்யணுமா? டெம்ப்ளேட் தயார் பண்ணி அனுப்பறவங்க காலங்களைப் பூட்டி அனுப்ப அஞ்சு நிமிஷம் ஆகும். அதைச் செய்யாம மெமோ டைப் பண்றீங்க. அடுத்த மெமோவுக்கு முன்னாடி அந்த ஃபைலைத் திறந்து, தேதிகள் எந்தப் பக்கம் சாய்ஞ்சிருக்குன்னு மட்டும் பாருங்க சார்.