மூட்டையில் உள்ள மணிச்சத்தும் பயிருக்குச் சேரும் மணிச்சத்தும்

சாப்பா முறையை எதிர்த்த துறைமுகத் தொழிலாளர்கள் 1953 செப்டம்பரில் துப்பாக்கிச் சூட்டுக்கு இரையான மட்டாஞ்சேரிக்கு எதிரே, காயலின் நடுவே வில்லிங்டன் தீவு இருக்கிறது. கப்பல்கள் அங்கே இறக்கிய ராக் பாஸ்பேட், சம்பக்கரைக் கால்வாய் வழியே அம்பலமேட்டிலுள்ள பொதுத்துறை ‘ஃபாக்ட்’ ஆலைக்குப் படகுகளில் சென்றது. கல்லில் சிறைப்பட்ட மணிச்சத்தை ஆலையில் விடுவிப்பது கந்தக அமிலம். அமிலத்திற்குச் செலவு அதிகம். கழிவாக ஜிப்சம் மலைபோல் குவிகிறது. கல்லைச் சூளையில் சுட்டு உரமாக்கினால் என்ன?

விடை கனிமத்தைப் பொறுத்தது. கடற்படிவுப் பாறைகளில் உள்ள அபடைட் படிகத்தில், பாஸ்பேட்டின் இடத்தில் ஓரளவு கார்பனேட் புகுந்திருக்கும். அந்தக் கலப்பினால்தான் அது அமில மண்ணில் மெல்லக் கரைகிறது. 700 முதல் 1000 டிகிரி செல்சியஸ் வரை சுட்டால் கரியமில வாயு வெளியேறுகிறது, கரிமப்பொருள் எரிகிறது. எடை குறைவதால் மொத்த மணிச்சத்தின் விழுக்காடு உயர்கிறது. ஆனால் எஞ்சுவது இறுகிய ஃபுளூரோ அபடைட். சிட்ரேட் கரைசலில் கரையும் பங்கு, அதாவது பயிருக்கு எட்டும் பங்கு, வீழ்ந்துவிடுகிறது.

இந்தியப் பெருங்கடலின் கிறிஸ்துமஸ் தீவில் நடந்தது நேர்மாறு. அங்குள்ள அலுமினிய, இரும்புப் பாஸ்பேட்டை ஏறத்தாழ 500 டிகிரியில் சுட்டபோது, நீர் நீங்கிப் படிகம் குலைந்து, கரைதிறன் உயர்ந்தது. சூடு மிகுந்தால் அதுவும் மீண்டும் இறுகிவிடும். ஆக, ‘சுட்ட கல் சிறந்தது’ என்பதும் ‘பச்சைக் கல்லே சிறந்தது’ என்பதும் வெறும் வியாபாரப் பேச்சு.

சட்டமோ இந்த வேறுபாட்டைக் காண மறுக்கிறது. 1985ஆம் ஆண்டின் உரக் கட்டுப்பாட்டு ஆணை ராக் பாஸ்பேட்டிடம் கேட்பது பொடியின் நுண்மையும், குறைந்தது 18 விழுக்காடு மொத்த மணிச்சத்தும்தான். கரையும் பங்கு எவ்வளவு என்று அது கேட்பதில்லை. உரம் குன்றும்படி சுட்ட பொடிகூட, விழுக்காடு கூடிய பெருமையோடு இச்சோதனையில் தேறிவிடும்!

இடரைச் சுமப்பவர் சிறு விவசாயி. 2010 ஏப்ரல் முதல் யூரியா தவிர்த்த உரங்களின் விலையை நிர்ணயிக்கும் உரிமையை ஒன்றிய அரசு நிறுவனங்களிடம் விட்டுவிட்டது. டிஏபி எட்டாதவர் கல்பொடியை நாடுகிறார். கேரளத்து ரப்பர், தென்னைத் தோட்டங்களின் அமில மண்ணில் அது பலன் தரும். தமிழ்நாட்டின் சுண்ணாம்பு மிகுந்த கரிசலில் அதே பொடி கரையாமல் கல்லாகவே கிடக்கும்.

எனவே மொத்தச் சத்துடன் சிட்ரேட்டில் கரையும் சத்தையும், எந்த மண்ணுக்கு உகந்தது என்பதையும் மூட்டையிலேயே அச்சிடும்படி ஆணை திருத்தப்பட வேண்டும். விவசாயிகள் சங்கம் கையிலெடுக்க வேண்டிய கோரிக்கை இது. சோதனையையும் விற்பவரிடமே விட்டுவிடாமல் அரசு ஆய்வகங்கள் நடத்த வேண்டும்.