பனியன் கம்பெனிக்கு ஏஐ உதவியாளர் வந்தா, டைலர் எந்த வழியா கேள்வி கேட்பார்?

1/ ஆபீஸ்கள்ல இப்போ ஏஐ உதவியாளர் வந்தாச்சு. லீவு விதி, காப்பீடு, சம்பளப் பிடித்தம் எதைக் கேட்டாலும் கம்பெனி ஆவணங்களைத் தேடி பதில் சொல்லும். டீம்ஸ், ஸ்லாக், மெயில் எதுல இருந்தும் கேட்கலாம். இதே வசதி காதர்பேட்டை பக்கம் வந்தா யாருக்குப் பயன்படும்? ஒரு டாக்டரா என் கருத்து.

2/ பனியன் கம்பெனில கம்ப்யூட்டர் முன்னாடி உட்கார்றது மெர்ச்சண்டைசர், ஹெச்.ஆர்., அக்கவுண்ட்ஸ். ஓவர்லாக் டைலருக்கும், கைமடிக்கும், செக்கிங் அக்காவுக்கும் கம்பெனி மெயில் கிடையாது. கையில இருக்கிறது ஒரு போன் மட்டும்தான்.

3/ ஆனா கேள்வி நிறைய இருக்கிறது அவங்ககிட்டதான். சம்பளத்துல 0.75% ஈஎஸ்ஐக்குப் பிடிக்கிறாங்க, முதலாளி 3.25% கட்டுறார். பதிலுக்கு என்ன கிடைக்கும்? நோய்க்கு லீவு போட்டா, தகுதி இருந்தா, வருஷத்துக்கு 91 நாள் வரை 70% சம்பளம். அதுக்கு முந்தைய ஆறு மாத சந்தா காலத்துல குறைஞ்சது 78 நாளுக்குச் சந்தா கட்டியிருக்கணும்.

4/ வேலையில அடிபட்டா இந்த 78 நாள் கணக்கே கிடையாது. சேர்ந்த முதல் நாளே ஊசி விரல்ல ஏறி, மூணு நாளாவது வேலை செய்ய முடியாமப் போனா 90% சம்பளம் உண்டு. இது தெரியாததால பேண்டேஜோட அடுத்த நாளே மெஷின்ல உட்கார்றாங்க. புண் சீழ் பிடிக்கிறது அப்படித்தான்.

5/ வழி ஏற்கெனவே இருக்கு. 2023-ல் ஹரியானாவின் பிவான் கிராமத்துல 'ஜுகல்பந்தி'னு ஒரு வாட்ஸப் உதவியாளரைச் சோதிச்சாங்க. அரசுத் திட்டம் பத்தி தன் மொழியில பேசியே கேட்கலாம். அதுல ஐஐடி மெட்ராஸின் ஏஐ4பாரத் குழுவுக்குப் பங்கு உண்டு. புது ஆப் எதுவும் இறக்கச் சொல்லல. தமிழோட இந்தியும் ஒடியாவும் கேட்கிற திருப்பூருக்கு இதுதான் பொருந்தும்.

6/ வாட்ஸப் வாய்ஸ், பட்டன் போன்காரங்களுக்கு ஒரு கால் நம்பர், முதலுதவிப் பெட்டி மேல ஒரு கியூஆர் கோடு. எதுல கேட்டாலும் பதில் ஒண்ணா இருக்கணும். ஒரே நோய்க்கு மூணு சீட்டுல மூணு டோஸ் இருந்தா நோயாளி எதை நம்புவார்?

7/ இங்கதான் ஒரு சிக்கல். "கர்ப்பமா இருக்கேன், நைட் ஷிஃப்ட் வேண்டாம்னு சொல்லலாமா?" "சூப்பர்வைசர் தப்பா நடக்கிறார், யார்கிட்ட சொல்றது?" இதையெல்லாம் ஒரு பெண் சொந்த நம்பர்ல இருந்து கேட்கிறார். அந்த நம்பர் நிர்வாகத்துக்குத் தெரிஞ்சா, மறுநாள் வேலை இருக்குமா? வசதியான வழிதான் ஆளையும் சுலபமா காட்டிக் கொடுக்கும். கேட்டது யார்னு கம்பெனிக்குத் தெரியவே கூடாது. நோயாளி ரகசியத்துக்கு நாங்க வெச்சிருக்கிற அதே விதி.

8/ எல்லாத்துக்கும் ஏஐ பதிலும் வேண்டாம். கண்ணுல கெமிக்கல் தெறிச்சதுன்னு கேட்டா, "உடனே ஓடுற தண்ணியில 15 நிமிஷமாவது கழுவுங்க, 108-ஐ கூப்பிடுங்க"னு முதல் வரியிலேயே வரணும். பிறகு மனுஷர் பேசணும். நோய் என்னன்னு அது கணிக்கக் கூடாது.

9/ காதர்பேட்டையில நாலஞ்சு பேர் வேலை பார்க்கிற கடைகள் நிறைய. ஹெச்.ஆரே இல்லாத இடத்துக்கு கம்பெனி ஏஐ எங்கே வரும்? அதனால இதை ஈஎஸ்ஐ கார்ப்பரேஷனும் தொழிலாளர் துறையும் பொதுவா நடத்தணும். ஈஎஸ்ஐ பொதுவா 10 பேரோ அதுக்கு மேலயோ உள்ள இடத்துக்குத்தான். "உங்களுக்கு ஈஎஸ்ஐ இல்லை, ஆனா இந்த அரசுத் திட்டம் இருக்கு"னு சொல்றதும் ஒரு பதில்தான். அதைக்கூட இன்னைக்கு அவங்களுக்குச் சொல்ல ஆள் இல்ல.