பிடியரிசியும் பெறுபேறும்

கொட்டாஞ்சேனை ஜோர்ஜ் ஆர். டி சில்வா மாவத்தையில் ஒரு போட்டோகொப்பிக் கடை. தை மாதம், மழை விட்ட ஒரு காலை. எனக்கு முன்னால் ஒரு தாயும் மகளும் நின்றார்கள். தாயின் கையில் பிளாஸ்டிக் உறைக்குள் ஒரு கட்டுக் கடதாசி: மகளின் பிறப்புச் சான்றிதழ், சாதாரண தரப் பெறுபேறு, கிராம சேவகரின் கடிதம், பிரதேச செயலகத்தில் மேலொப்பம் வாங்கிய வருமானச் சான்று, அதிபரின் சிபாரிசு, வங்கிப் புத்தகத்தின் முதற் பக்கம். ஓர் அறக்கட்டளை உயர்தர மாணவருக்கு மாதாமாதம் கொடுக்கும் உதவித்தொகைக்கான விண்ணப்பம் அது. கிராம சேவகரைப் பிடிக்க இரண்டு நாள், செயலகத்துக்கு ஒரு நாள், ஆக மூன்று நாள் இடியப்பம் அவிக்கவில்லை என்றார் தாய். கடைகளுக்கு இடியப்பம் போட்டுத்தான் வீடு நடக்கிறது.

படிவம் முழுக்க ஆங்கிலம். கடைசிப் பக்கத்தில், தலைமைத்துவப் பண்பை நீ எவ்வாறு வெளிப்படுத்தியிருக்கிறாய் என்று முந்நூறு சொற்களில் எழுதச் சொல்லியிருந்தது. அந்தப் பிள்ளை என்னிடம் மெதுவாகக் கேட்டது: “அங்கிள், நான் மூன்றரைக்கு எழும்பி அம்மாவுக்கு மாப் பிழிஞ்சு குடுத்திட்டுத்தான் பள்ளிக்கூடம் போறன். தம்பிக்குப் பாடமும் சொல்லிக் குடுக்கிறன். இதை எழுதலாமோ?”

எழுதச் சொன்னேன். ஆனால் படிவத்தைத் தயாரித்தவர்கள் மனதில் வைத்திருந்தது மாணவர் தலைவர் பதவியையும் விவாத அணியையும் கடற்கரை துப்புரவுப் பணியையும் என்பது எனக்குத் தெரியும். அவளுடைய பாடசாலையில் விவாத அணி கிடையாது.

உதவி இருக்கிறது. அதை எட்டிப் பிடிப்பதற்கே ஒரு பரீட்சை எழுதித் தேற வேண்டியிருக்கிறது. இந்த நாட்டில் பாடசாலைக்குக் காசு கொடுக்கும் வழக்கம் தொடங்கிய நாளிலிருந்தே இந்தச் சிக்கலும் கூடவே வருகிறது என்பதால்தான் சற்றுப் பின்னே போய்ப் பார்க்க வேண்டும் என்று தோன்றியது.

இலங்கையின் கல்வி நிலையை ஆராய்ந்த மோர்கன் குழுவின் அறிக்கைக்குப் பிறகு, 1869இல் பிரித்தானிய அரசாங்கம் இங்கே பொதுப் போதனைத் திணைக்களத்தை நிறுவியது. அடுத்த ஆண்டே உதவி நன்கொடை முறை நடைமுறைக்கு வந்தது. தனியார் பாடசாலை நடத்தினால் அரசாங்கம் பணம் தரும், ஆனால் பெறுபேற்றைப் பார்த்துத்தான் தரும். ஆண்டுக்கொரு முறை பரிசோதகர் வருவார். ஒவ்வொரு பிள்ளையையும் வாசிக்கவும் எழுதவும் கணக்குச் செய்யவும் சொல்வார். தேறிய தலைக்கு இவ்வளவு என்று காசு. ஆங்கிலப் பாடசாலைக்குக் கூடுதல், சுயமொழிப் பாடசாலைக்குக் குறைவு. இங்கிலாந்தில் 1862இல் ரொபர்ட் லோ கொண்டுவந்த விதியின் நகல் இது. அங்கே அந்த நூற்றாண்டு முடியுமுன்பே அதைக் கைவிட்டார்கள்.

அந்தப் பரிசோதனை நாளை எண்ணிப் பாருங்கள். அன்று காய்ச்சலில் படுத்த பிள்ளையால் வருமானம் போகும். அறுவடைக்குப் போன பிள்ளையாலும் போகும். மந்தமாகப் படிக்கும் பிள்ளை ஆசிரியரின் சம்பளத்துக்கே இடைஞ்சலாகத் தெரியும். வசதியான ஊரில் நல்ல கட்டடத்தோடு இருந்த பாடசாலை மேலும் மேலும் பெற்றது. ஓலைக் கொட்டகைப் பாடசாலை தேறாதபடியால் பெறவில்லை. பெறாதபடியால் அடுத்த ஆண்டும் தேறவில்லை.

யாழ்ப்பாணத்தில் ஆறுமுக நாவலர் 1848இல் வண்ணார்பண்ணையில் சைவப்பிரகாச வித்தியாசாலையைத் தொடங்கினார். மிஷனரிப் பாடசாலைகளுக்கு அரசாங்கப் பணம் போய்க்கொண்டிருந்த காலம் அது. நாவலரின் பாடசாலைக்கு அந்த நன்கொடை 1870இல்தான் கிடைத்தது. இடைப்பட்ட இருபது ஆண்டுகளுக்கும் மேலாக அது எப்படி நின்றது? வீடு வீடாகப் பிடியரிசி சேர்த்து என்று யாழ்ப்பாணத்தில் பரம்பரையாகச் சொல்லிவருகிறார்கள். உலையில் போட அரிசி அளக்கும்போது ஒரு பிடியைத் தனியே ஒரு பானையில் இடுவது. பெயர்ப்பலகை கிடையாது, படம் பிடிப்பதும் கிடையாது. கொடுத்தவள் தன் பிள்ளை தேறினானா என்று பார்த்துக் கொடுக்கவில்லை.

பிடியரிசியைப் பாடிப் புகழ்ந்துவிட்டு அத்தோடு நிறுத்துவதும் நேர்மையாகாது. நாவலர் 1872இல் தொடங்கிய ஆங்கிலப் பாடசாலை பணமில்லாமல் சில ஆண்டுகளிலேயே மூடப்பட்டது. மக்களின் கைப்பிடி ஒரு பாடசாலையைத் தொடங்கும், சில காலம் தாங்கும். ஒரு நாட்டின் எல்லாப் பிள்ளைகளையும் அது தாங்காது. பின்னாளில், சைவப் பாடசாலைகளை நடத்திய சைவ வித்தியா விருத்திச் சங்கத்துக்காக அதை முன்னின்று நடத்திய இராசரத்தினம் மலாயா வரை போய் நிதி திரட்டினார். அங்கே ரயில்வேயிலும் தோட்டங்களிலும் வேலை பார்த்த நம்மவர்கள் கொடுத்தார்கள். புலம்பெயர்ந்தோர் ஊர்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பும் காசுக்கு நூறு ஆண்டு வயதாகிறது.

கொழும்பின் கதையும் இதே பாதையில்தான் போகிறது. கொட்டாஞ்சேனையில் புனித ஆசீர்வாதப்பர் கல்லூரி 1865இலேயே வந்துவிட்டது. நல்லாயன் கன்னியர் மடம் அதைத் தொடர்ந்தது. சைவப் பிள்ளைகளுக்கென்று இடம் வேண்டும் என்ற கவலை பிறகுதான் வலுத்தது. 1897 தை 15இல் கொழும்புத் துறையில் வந்திறங்கிய சுவாமி விவேகானந்தரின் பெயரால் 1902இல் விவேகானந்த சபை தோன்றியது. அந்தச் சபை கொட்டாஞ்சேனைப் பக்கத்தில் பாடசாலை நடத்தியது. நாடு முழுதும் சைவசமயப் பாடப் பரீட்சை வைத்துப் பிள்ளைகளுக்குப் பரிசும் கொடுத்து வந்தது. வெள்ளவத்தையில் சைவ மங்கையர் கழகத்துப் பெண்கள் கூடிப் பெண்பிள்ளைகளுக்கு ஒரு வித்தியாலயம் அமைத்தார்கள். 1951இல் பம்பலப்பிட்டியில் இந்துக் கல்லூரி தொடங்கியது, பிறகு இரத்மலானையில் இன்னொன்று. இவற்றுக்குப் பின்னால் வியாபாரிகளும் அரசாங்க எழுதுவினைஞர்களும் சட்டத்தரணிகளும் கோயில் தர்மகர்த்தாக்களும் நின்றார்கள். மருதானையில் ஸாஹிராக் கல்லூரிக்கு 1892இல் வாப்பிச்சி மரைக்கார் கைகொடுத்ததும் இதே மரபில் வருவதுதான்.

இந்த மரபை உடைத்து வேறொரு வழியைக் காட்டியவர் சி. டபிள்யு. டபிள்யு. கன்னங்கரா. அவரே ஒரு உதவித்தொகைப் பிள்ளை. அம்பலாங்கொடை வெஸ்லியன் பாடசாலையின் பரிசளிப்பு விழாவில் மேடைக்குத் திரும்பத் திரும்ப வந்த சிறுவனைப் பார்த்து, பரிசுகளைக் கொண்டுபோக மாட்டுவண்டி வேண்டுமே என்றாராம் காலி ரிச்மண்ட் கல்லூரி அதிபர் டரல் பாதிரியார். பையனைத் தம் கல்லூரியில் இலவசமாகச் சேர்த்துக்கொண்டார். அன்று டரல் வேறொரு ஊர் விழாவுக்குப் போயிருந்தால் என்ன நடந்திருக்கும்? இந்தக் கேள்வி கன்னங்கராவின் மனதில் இருந்தது என்றே நான் நம்புகிறேன். கல்வி அமைச்சராக அவர் செய்த வேலைக்கு வேறு வேர் எனக்குத் தெரியவில்லை. அவர் தலைமையிலான விசேட குழுவின் அறிக்கை 1943இல் வந்தது. 1945 ஒக்டோபர் முதலாம் திகதியிலிருந்து பாலர் வகுப்பு தொட்டுப் பல்கலைக்கழகம் வரை கட்டணமில்லை. யாழ்ப்பாணத்தில் ஹண்டி பேரின்பநாயகமும் வாலிபர் காங்கிரஸ்காரரும் அதை ஆதரித்து நின்றார்கள். தமிழர்கள் இதைக் கொஞ்சம் சத்தமாக நினைவுகூரலாம். தன் ஏழ்மையை யாருக்கும் நிரூபிக்காமல், தன் கெட்டித்தனத்தையும் நிரூபிக்காமல் ஒரு பிள்ளை வகுப்பில் உட்காரலாம் என்ற நிலை அன்றுதான் வந்தது. அதைத் தந்த மனிதர் கடைசிக் காலத்தில் பணமுடையால் வாடி, அரசாங்கத்தின் உதவிப்பணத்தில் வாழ்ந்து, 1969இல் மறைந்தார்.

1960, 1961ஆம் ஆண்டுச் சட்டங்கள் பெரும்பாலான உதவிபெறும் பாடசாலைகளை அரசாங்கத்தின் கைக்குக் கொண்டுவந்தன. அதன் நன்மை தீமைகளை இங்கே எடைபோடப் போவதில்லை. ஒன்றை மட்டும் சொல்ல வேண்டும். அரசாங்கம் எடுத்துக்கொண்டுவிட்டது, இனி எங்கள் வேலை முடிந்தது என்று பல சங்கங்கள் ஓய்ந்தன. 1983 ஆடிக் கலவரத்தில் பம்பலப்பிட்டி இந்துவும் இரத்மலானை இந்துவும் அகதி முகாம்களாயின. வாங்குகளில் பிள்ளைகள் இருந்து படித்த அறைகளில் குடும்பங்கள் படுத்தெழும்பின. அந்த நாட்களில்தான் பாடசாலை ஊருடையது என்ற எண்ணம் மறுபடி உயிர் பெற்றது. தொண்ணூறுகளில் வடக்கிலிருந்து வந்தவர்களால் வெள்ளவத்தை நிரம்பியபோது பழைய மாணவர் சங்கங்கள் பெருகின. ரொறொன்ரோவிலும் லண்டனிலும் சிட்னியிலும் கிளைகள் வந்தன.

இன்றைய நிலை என்ன? இலவசக் கல்வி பெயரளவில் நிற்கிறது. பாடநூல் இலவசம், சீருடைத் துணி இலவசம். மற்றவை எல்லாவற்றுக்கும் ஒரு பற்றுச்சீட்டு இருக்கிறது: வசதிகள் கட்டணம், பாடசாலை அபிவிருத்திச் சங்கப் பணம், மின்விசிறிக்கு, தண்ணீர் வடிகட்டிக்கு, ஆசிரியர் தின விழாவுக்கு. 2012இல் பல்கலைக்கழக ஆசிரியர்கள் தேசிய உற்பத்தியில் ஆறு சதவீதத்தைக் கல்விக்கு ஒதுக்கச் சொல்லி மாதக்கணக்கில் போராடினார்கள். அந்த ஆறு இன்னும் வரவில்லை. 2021இல் பாடசாலை ஆசிரியர்கள் சம்பள முரண்பாட்டுக்காக இணையவழிக் கற்பித்தலை மாதக்கணக்கில் நிறுத்தினார்கள். 2022 மார்ச்சில் மேல் மாகாணத்தில் கடதாசி இல்லாமல் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது. அந்த வருடம் கொப்பி விலை கேட்டுவிட்டுத் திரும்பிப் போன தகப்பன்மாரை நான் கண்டிருக்கிறேன்.

ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசிலுக்கு மாதம் 750 ரூபா கொடுத்து வந்தார்கள். 2025 வரவு செலவுத் திட்டம் அதை 1,500 ஆக்கியது. பல்கலைக்கழக மாணவருக்கான மகாபொல உதவித்தொகை 5,000த்திலிருந்து 7,500 ஆனது. வரவேற்கிறேன். லலித் அத்துலத்முதலி 1981இல் சட்டமாக்கிய மகாபொல எத்தனையோ தமிழ்ப் பிள்ளைகளைப் பல்கலைக்கழகத்தில் சோறு தின்ன வைத்திருக்கிறது. ஆனால் புலமைப்பரிசிலில் பழைய 1870இன் வாசனை வீசுகிறது. தேறிய பிள்ளைக்குப் பணமும் பெரிய பாடசாலையில் இடமும் கிடைக்கின்றன. அவன் விட்டுப்போன சிறு பாடசாலைக்கு என்ன கிடைக்கிறது? கெட்டிக்காரப் பிள்ளை போய்விட்டான் என்ற வெறுமைதான்.

நம்முடைய கொடையும் அதே வழியில்தான் ஓடுகிறது. பெயர்பெற்ற கல்லூரிக்கு வெளிநாட்டுப் பழைய மாணவர் இருக்கிறார்கள், அதனால் அங்கே ஸ்மார்ட் போர்ட் வருகிறது, நீச்சல் தடாகம் வருகிறது. முகத்துவாரத்திலும் மட்டக்குளியிலும் ஜிந்துப்பிட்டியிலும் உள்ள சிறு தமிழ்ப் பாடசாலைகளில் படித்தவர்கள் துறைமுகத்திலும் கடைகளிலும் நாட்கூலிக்கு நிற்கிறார்கள். அவர்கள் பெயரில் ரொறொன்ரோவில் இராப்போசன விருந்து நடப்பதில்லை. அங்கே படிப்பிக்கும் ஆசிரியை தன் கைக்காசில் மார்க்கர் பேனையும் பிறிஸ்டல் போர்டும் வாங்குகிறார். காலை உணவில்லாமல் வந்த பிள்ளைக்குத் தன் சாப்பாட்டுப் பெட்டியைத் திறக்கிறார். எந்த நிதியத்தின் படிவத்திலும் இந்தச் செலவுக்கு ஒரு கட்டம் இல்லை.

தமிழ்நாட்டில் காமராஜர் காலத்தில், ஐம்பதுகளின் கடைசியில், கல்வி இயக்குநர் நெ. து. சுந்தரவடிவேலு பள்ளிச் சீரமைப்பு மாநாடுகள் நடத்தினார். முதலில் ஒவ்வொரு பள்ளிக்கும் என்ன குறை என்று ஆசிரியர்கள் பட்டியல் எடுத்தார்கள். மணிக்கூடா, கரும்பலகையா, சுற்றுமதிலா, வகுப்பறையா எல்லாம் அதில் இருந்தன. பிறகு ஊரைக் கூட்டி அந்தப் பட்டியலை முன்னால் வைத்தார்கள். முடிந்தவர் முடிந்ததை எடுத்துக்கொண்டார்கள். கொடுப்பவர் தனக்குப் பிடித்ததைக் கொடுக்கவில்லை, பள்ளிக்குத் தேவையானதைக் கொடுத்தார். ஏழைப் பள்ளி யாரையும் தேடிப் போய்க் கெஞ்ச வேண்டியிருக்கவில்லை. பட்டியலே அதற்காகப் பேசியது.

கொழும்பில் இதைச் செய்ய ஒரு புதுச் சங்கமும் தேவையில்லை. கோயில்கள், தேவாலயங்கள், லயன்ஸ், ரோட்டரி கழகங்கள், பழைய மாணவர் சங்கங்கள், தனியார் நிதியங்கள் எல்லாம் இருக்கின்றன. ஜனாதிபதி நிதியத்தின் புலமைப்பரிசில் இருக்கிறது. வறிய பிள்ளைகளின் பாடசாலைப் பொருட்களுக்கு 6,000 ரூபா தரும் அரசாங்கத் திட்டமும் 2025இல் வந்தது. இவை எல்லாவற்றையும் தமிழில் ஒரே தாளில் எழுதி, யாருக்கு, எவ்வளவு, எந்தத் திகதிக்குள், யாரிடம் என்று குறித்து, ஒவ்வொரு பாடசாலை அறிவித்தல் பலகையிலும் குத்திவைத்தால் போதும். கொழும்புத் தமிழ்ச் சங்கம் 1942இலிருந்து இயங்குகிறது. வெள்ளவத்தையில் அதன் நூலகத்தில் பின்னேரங்களில் பிள்ளைகள் இருந்து படிக்கிறார்கள். அப்படியொரு மேசையில் கிழமைக்கு ஒரு நாள், இளைப்பாறிய ஆசிரியர் ஒருவர் விண்ணப்பம் நிரப்பிக் கொடுக்க இருக்க முடியாதா? நம்மிடையே இளைப்பாறிய ஆசிரியர்களுக்குக் குறைவில்லை.

நிதியங்களை நடத்துவோருக்கு ஒரு வேண்டுகோள். படிவத்தைத் தமிழிலும் அச்சிடுங்கள். கிராம சேவகரின் கடிதம் இருந்தால் வருமானச் சான்று வேண்டாம் என்று ஒரு தாளையாவது குறையுங்கள். வகுப்பாசிரியரின் ஒரு வரியை நம்புங்கள். எந்தப் பிள்ளை பசியோடு வருகிறது என்பது அவருக்குத் தெரியும். கிடைக்காத பிள்ளைக்கும் ஒரு பதில் போடுங்கள்.

பழைய மாணவர் சங்கத்தாருக்கு இன்னொன்று. உங்கள் கல்லூரிக்குக் கொடுங்கள், அது நீங்கள் பட்ட கடன். அதோடு இந்த வருடத் திரட்டலில் பத்தில் ஒரு பங்கை, உங்கள் கல்லூரியிலிருந்து நடந்துபோகும் தூரத்தில் உள்ள, பழைய மாணவர் சங்கமே இல்லாத ஒரு பாடசாலைக்குக் கொடுங்கள். முதலில் அந்த அதிபரைப் போய்க் கண்டு, பட்டியலைக் கேளுங்கள்.

போட்டோகொப்பிக் கடையில் அன்று பதினொரு தாள் பிரதி எடுத்தார்கள். தாய் சில்லறையை எண்ணிக் கொடுத்தார். விண்ணப்ப முடிவுத் திகதிக்கு இன்னும் இரண்டு நாள் இருந்தது.