ஐந்து ஏ-வும் ஒரு தூரிகையும்

என் அக்கா மகளுக்கு எட்டு வயது. ரைபிள் ரேஞ்ச் அடுக்குமாடியில் பத்தாவது மாடியில் வீடு. ஜன்னலைத் திறந்தால் ஒரு பக்கம் கொடிமலை, இன்னொரு பக்கம் தூரத்தில் கொம்தார், நேர் எதிரே அடுத்த புளோக்கில் காயும் துணிகள். போன மாதம் அவளுடைய ஓவியப் புத்தகத்தைப் புரட்டினேன். இரண்டு முக்கோண மலைகள். நடுவே பாதிச் சூரியன். மலையிலிருந்து இறங்கும் ஆறு. இடது பக்கம் ஒரு குடிசை, வலது பக்கம் ஒரு தென்னை, மேலே டிக் போட்ட மாதிரி நாலு பறவைகள்.

"ஏன் கண்ணு, நம்ம ஜன்னல்ல தெரியறத வரையலாமே?" என்று கேட்டேன்.

"டீச்சர் இப்படித்தான் வரையணும்னு சொன்னாங்க மாமா. போர்டுல போட்டுக் காட்டுனாங்க."

இதே படத்தை நானும் வரைந்திருக்கிறேன். எஸ்டேட் பள்ளியில் படித்த என் அம்மாவும் இதைத்தான் வரைந்திருக்கிறார். மூன்று தலைமுறையாக ஒரே இரண்டு மலைகள். நம் வீட்டுப் பிள்ளைகள் நிஜ மலையை முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டு, யாரும் பார்க்காத மலையை வரைந்து வண்ணம் தீட்டிக்கொண்டிருக்கிறார்கள். அந்த ஆசிரியையை நான் திட்டப் போவதில்லை. அவரும் அந்த இரண்டு மலைகளை வரைந்து வளர்ந்தவர்தான். ஓவியத்தைப் பற்றி அதற்கு மேல் அவருக்கு யாரும் எதுவும் சொல்லிக் கொடுக்கவில்லை என்றால் அது அவர் குற்றமா?

தமிழ்ப்பள்ளியில் ஓவியம் சொல்லிக்கொடுக்கும் தகுதி யாருக்கு இருக்கிறது என்பதுதான் என் கேள்வி. அதைப் பற்றி நாம் பேசியதே இல்லை.

தமிழ்ப்பள்ளி ஆசிரியராவதற்கான பாதை எல்லாருக்கும் தெரிந்ததுதான். எஸ்.பி.எம். தேர்வில் குறைந்தது ஐந்து பாடங்களில் ஏ வேண்டும். பிறகு நேர்முகத் தேர்வு. தேர்வானால் ஆசிரியர் கல்விக் கழகத்தில் ஆயத்தப் படிப்பு, அதன்பின் நான்காண்டு இளங்கலை ஆசிரியர் பட்டம். நாடு முழுக்க 27 வளாகங்கள். பினாங்கு மாநிலத்திலேயே இரண்டு: தீவில் ஒன்று, புக்கிட் மெர்தாஜாமில் ஒன்று. வேறு துறையில் பட்டம் பெற்றவர் பள்ளிக்கு வர வேண்டுமானால் பட்டத்துக்குப் பிந்தைய கல்வியியல் டிப்ளோமா முடிக்க வேண்டும். எந்த வழியில் வந்தாலும் கடைசியில் கல்விச் சேவை ஆணையத்தின் நியமனம். கல்விப் பெருந்திட்டம் 2013-2025, ஆசிரியர் பயிற்சிக்கு வருகிறவர்கள் மாணவர்களில் முதல் 30 விழுக்காட்டினராக இருக்க வேண்டும் என்று இலக்கு வைத்தது. நல்ல இலக்கு. கடைசியில் கிடைத்த வேலையாக ஆசிரியர் வேலைக்கு வருகிற காலம் போகட்டும் என்பதில் எனக்கு மறுப்பே இல்லை.

ஆனால் இத்தனை காவல் இருக்கும் இந்தக் கதவு எதைக் காக்கிறது? ஆசிரியர் என்ற பதவியைக் காக்கிறது. காட்சிக்கலைக் கல்வி என்ற பாடத்தை அது காக்கவில்லை. பதவிக்குள் நுழைந்துவிட்டவரிடம் எந்தப் பாடத்தையும் கொடுக்கலாம். நம் பள்ளிகளில் புழங்கும் சொல்லில் சொன்னால் 'ஓப்ஷன்' ஆசிரியர், 'ஓப்ஷன் இல்லாத' ஆசிரியர். கணிதம் படித்தவருக்கு வாரக் கணக்கில் சில நிமிடங்கள் குறைகிறதா? ஓவியத்தைக் கொடு. தமிழ் ஆசிரியருக்கு ஒரு வேளை காலியா? ஓவியத்தைக் கொடு. நான் தொடக்கப் பள்ளியில் படித்த ஆறு ஆண்டுகளில் எனக்கு ஓவியம் எடுத்தவர்களில் ஒருவர்கூட ஓவியம் பயின்றவர் இல்லை. இன்று ஆசிரியராக இருக்கும் என் நண்பர்களைக் கேட்டாலும் பெரிய மாற்றம் இருப்பதாகத் தெரியவில்லை.

தலைமையாசிரியரைக் குறை சொல்லியும் பயனில்லை. நம் பள்ளிகளில் நிறைய, 150 பிள்ளைகளுக்குக் குறைவான சிறிய பள்ளிகள். கையில் இருக்கும் சில ஆசிரியர்களை வைத்துக்கொண்டு எல்லாப் பாடத்தையும் நிரப்பியாக வேண்டும். அங்கே ஓவியத்துக்கென்று தனி ஆசிரியர் கேட்டால் சிரிப்பார்கள்.

இனி என் கதை. எஸ்.பி.எம்.இல் எனக்கு மூன்று ஏ: தமிழ், நன்னெறி, ஓவியம். ஐந்து இல்லை. ஆசிரியர் பயிற்சிக்கு விண்ணப்பிக்கவே முடியவில்லை. வடிவமைப்பு டிப்ளோமா முடித்தேன், இப்போது ஜோர்ஜ்டவுனில் பெயர்ப்பலகையும் பேனரும் செய்யும் கடையில் இருக்கிறேன். வயிறு கழுவுகிறது. 2012இல் எர்னெஸ்ட் ஸகாரெவிச் ஆர்மேனியன் தெருவில் சைக்கிள் பிள்ளைகளை வரைந்துவிட்டுப் போன பிறகு இந்த ஊரில் எல்லாருக்கும் சுவர் ஓவிய ஆசை வந்துவிட்டது. பள்ளிக்கூடங்களுக்கும் வந்தது. ஒரு பள்ளியில் கூப்பிட்டார்கள். "தம்பி, செவுத்துல ஏதாச்சும் நல்லதா போட்டுக் குடுங்க." போனேன். வள்ளுவர், பாரதி, செம்பருத்தி. மூன்று வாரம், சனிக்கிழமைகளில். பிள்ளைகள் சுற்றி நின்று பார்த்தார்கள். ஒருத்தி கேட்டாள், "சார், எங்க கிளாசுக்கும் வந்து சொல்லிக் குடுப்பீங்களா?" தலைமையாசிரியர் சங்கடமாகச் சிரித்தார். அந்தப் பள்ளியின் சுவருக்கு எனக்குத் தகுதி இருந்தது. பிள்ளைகளுக்கு இல்லை.

இதுவரை படித்தவர்களில் பலர் இந்நேரம் என் பக்கம் சாய்ந்திருப்பீர்கள். இலக்கியக் கூட்டங்களில் அடிக்கடி கேட்கும் வசனம் உங்கள் வாயில் தயாராக இருக்கும்: "கலைஞனுக்கு எதுக்குப்பா சர்ட்டிபிகேட்?" அந்த வசனத்தோடுதான் எனக்குப் பெரிய சண்டை.

ஏனென்றால் ஒரு பள்ளி விடுமுறையில் எனக்கு வாய்ப்புக் கிடைத்தது. ஒரு சமூக மண்டபம், முப்பது பிள்ளைகள், மூன்று நாள் ஓவியப் பட்டறை. முதல் நாள் ஒரு பையன் தன் பாட்டியை வரைந்தான். பாட்டியின் கை அவர் தலையைவிடப் பெரியதாக இருந்தது. நான் குனிந்து, "கை இவ்ளோ பெருசா இருக்காதுடா" என்று சொல்லி, அவன் பென்சிலை வாங்கி அளவைத் திருத்திக் கொடுத்தேன். "சரி சார்" என்றான். மத்தியானம் பார்த்தால், பக்கத்துப் பையனின் இரண்டு மலைகளைப் பார்த்து அப்படியே வரைந்துகொண்டிருந்தான். மறுநாள் வரவில்லை.

அவன் பாட்டி தோசைக் கடை வைத்திருப்பவர் என்பது எனக்குப் பிறகுதான் தெரிந்தது. அந்தக் கையைத்தான் அவன் வரைந்திருந்தான். அதற்கும் ரொம்ப நாள் கழித்து விக்டர் லோவன்ஃபெல்ட் என்ற ஆஸ்திரியரைப் பற்றிப் படித்தேன். 1947இல் வெளிவந்த அவருடைய நூல், பிள்ளைகளின் ஓவியம் வயதுக்கேற்பக் கடக்கும் கட்டங்களை விவரிக்கிறது. ஏழு முதல் ஒன்பது வயதுவரையிலான பிள்ளை, தனக்கு முக்கியமாகப் படுவதைப் பெரிதாக வரையும். அது தவறு அல்ல. அந்த வயதின் மொழி. எனக்குத் தூரிகை பிடிக்கத் தெரியும், நிழலும் வெளிச்சமும் தெரியும், பெர்ஸ்பெக்டிவ் தெரியும். எட்டு வயதுப் பிள்ளையைத் தெரியாது. ஒரு திருத்தத்தில் ஒரு பிள்ளையை இரண்டு மலைகளுக்கே திருப்பி அனுப்பினேன். பயிற்சி இல்லாத கலைஞன் வகுப்பறையில் செய்யக்கூடிய சேதம் அது. நல்ல கவிஞர் என்பதற்காக ஒருவரை முதலாம் ஆண்டுக்கு உயிரெழுத்துச் சொல்லித்தர அனுப்புவோமா? ஓவியத்துக்கு மட்டும் ஏன் அந்தச் சலுகை?

ஆகவே, பட்டம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. பயிற்சி வேண்டும் என்கிறேன். அது ஓவிய ஆசிரியருக்கான பயிற்சியாக இருக்க வேண்டும். கைக்கு ஒரு கல்வி, பிள்ளையைப் புரிந்துகொள்ள ஒரு கல்வி. இன்று தகுதி என்று நாம் வைத்திருப்பதில், கணித ஆசிரியரை ஓவிய வகுப்புக்கு அனுப்பும்போது முதலாவதைக் கேட்பதில்லை. என்னைப் போன்றவனைப் பட்டறைக்குக் கூப்பிடும்போது இரண்டாவதைக் கேட்பதில்லை.

இதெல்லாம் இந்த ஊருக்குத் தெரியாத விஷயமும் இல்லை. ஆயர் ஈத்தாம் பக்கம் போகிறவர்களுக்கு அப்துல்லா ஆரிப் சாலை தெரியும். அது இந்தத் தீவின் நீர்வண்ண ஓவியர் ஒருவரின் பெயர். அவர் பள்ளியில் ஓவியம் கற்பித்தவர். பினாங்கில் பிறந்த தே ஹூய் கியாட், பிரிட்டிஷ் உபகாரச் சம்பளத்தில் லண்டன் கேம்பர்வெல் கலைப் பள்ளிக்குப் போய்ப் படித்துத் திரும்பி, ஆசிரியர்களுக்கு ஓவியம் கற்பித்தார். ஏற்கெனவே வரையத் தெரிந்தவர்தான், ஆனாலும் படிக்கப் போனார். மலாயாவின் ஓவியக் கல்விக்குப் பொறுப்பாக இருந்த பீட்டர் ஹாரிஸ் 1952இல் கோலாலம்பூரில் 'புதன்கிழமை ஓவியக் குழு'வைத் தொடங்கினார். வாரத்தில் ஒரு நாள் கூடி வரைவார்கள். பேட்ரிக் இங், சையத் அகமது ஜமால் போன்றவர்கள் புழங்கிய இடம் அது. பினாங்கில் தே ஹூய் கியாட் 'வியாழக்கிழமைக் குழு' நடத்தினார். 1960இல் ஓவியம் முதலிய பாடங்களுக்கென்றே சிறப்பு ஆசிரியர் பயிற்சிக் கழகம் கோலாலம்பூரில் வந்தது. சுதந்திரம் கிடைத்த புதிதில், கையில் காசு குறைவாக இருந்த காலத்தில், ஓவியத்துக்குத் தனிப் பயிற்சி வேண்டும் என்று இந்த நாட்டுக்குத் தோன்றியிருக்கிறது.

இந்தக் கதைகளில் தமிழ்ப்பள்ளி எங்கே? 1816இல் பினாங்கு ஃப்ரீ ஸ்கூலில் தொடங்கிய தமிழ் வகுப்பிலிருந்து நம் கல்வி வரலாற்றைக் கணக்கிட்டு, 2016இல் இருநூறாம் ஆண்டு கொண்டாடினோம். இந்த மாநிலத்தில் 28 தமிழ்ப்பள்ளிகள். கட்டடத்துக்குப் போராடினோம், நிலத்துக்குப் போராடினோம், மானியத்துக்குப் போராடினோம். ஓவிய ஆசிரியர் கேட்டு ஒரு மகஜர் கொடுத்ததாக நான் கேள்விப்பட்டதில்லை. அழகன்குளத்தில் பிறந்து, பினாங்கில் வளர்ந்து, சென்னை அரசு கலைக் கல்லூரியில் பயின்ற சையத் தாஜுதீன் இந்த நாட்டின் முக்கிய ஓவியர்களில் ஒருவர். நம் பிள்ளைகளில் எத்தனை பேருக்கு அந்தப் பெயர் தெரியும்? வாசகர்களே, உங்களில் எத்தனை பேருக்கு?

கடல் தாண்டிப் பார்த்தாலும் ஆறுதல் கிடைக்காது. தமிழ்நாட்டில் 2012இல் ஓவியம், உடற்கல்வி, தையல், இசை போன்ற பாடங்களுக்கு 16,549 பகுதிநேர ஆசிரியர்களை நியமித்தார்கள். தொடக்கச் சம்பளம் மாதம் 5,000 ரூபாய். வாரத்தில் மூன்று அரை நாள் வேலை. நிரந்தரம் கேட்டு இன்னும் தெருவில் நிற்கிறார்கள். அங்கே ஓவியத்துக்கென்று ஆளை எடுத்து, வாழ முடியாத சம்பளம் கொடுத்தார்கள். இங்கே ஆசிரியருக்கு நிரந்தர வேலை கொடுத்துவிட்டு, அவருக்கு ஓவியம் தெரியுமா என்று கேட்க மறந்தார்கள். ஓவியத்தை நேர நிரப்பியாகப் பார்ப்பதில் இரண்டு ஊருக்கும் வித்தியாசமில்லை.

"தமிழ்ப்பள்ளியில பிள்ளைங்களே கொறையுது, ஓவியமா இப்ப முக்கியம்?" என்று கேட்பவர்கள் உண்டு. இதற்கு முன்பு "யூ.பி.எஸ்.ஆர். இருக்கு, ஓவிய நேரத்தை எடுத்துக்கிறோம்" என்றார்கள். 2021இல் யூ.பி.எஸ்.ஆர். தேர்வையே ஒழித்தாகிவிட்டது. பறிகொடுத்த அந்த ஓவிய நேரம் திரும்ப வந்ததா? பிள்ளையை எங்கே சேர்ப்பது என்று யோசிக்கும் ஓர் இளம் அப்பாவுக்கு, இந்தப் பள்ளியில் என் பிள்ளை பார்க்கவும் செய்யவும் கற்கும் என்பதைவிட நல்ல காரணம் எது?

இதை ஏன் ஓர் இலக்கிய இதழில் எழுதுகிறேன்? ஜன்னலில் தெரிவதை விட்டுவிட்டு இரண்டு மலைகளை வரையப் பழகிய அதே பிள்ளைதான் பிறகு கட்டுரை எழுதுகிறது. அதிலும் கதிரவன் தன் பொற்கதிர்களைப் பரப்புகிறான், பறவைகள் கீச்சிடுகின்றன. ரைபிள் ரேஞ்சில் பொழுது விடிவது மோட்டார் சைக்கிள் சத்தத்தில். இன்னும் வளர்ந்து அது கதை எழுத வந்தால், தான் வாழாத ஒரு ரப்பர் தோட்டத்தை வேறு யாரோ எழுதிய கதையிலிருந்து எடுத்து எழுதுகிறது. நம் கதைகளில் சலிப்பு என்று நாம் குறைப்பட்டுக்கொள்வதன் ஒரு வேர் இரண்டாம் ஆண்டு ஓவிய வகுப்பில் இருக்கிறது என்று நான் நம்புகிறேன்.

என் கோரிக்கைகள் மூன்று. சிறிய பள்ளிகளுக்குத் தனித்தனி ஓவிய ஆசிரியர் முடியாதுதான். நான்கைந்து பள்ளிகளுக்குச் சேர்த்து, பயிற்சி பெற்ற ஒருவரைச் சுற்றி வரும் ஆசிரியராகக் கொடுங்கள். இரண்டாவது, ஓவிய ஆசிரியராக வர விரும்புகிறவரை ஐந்து ஏ-வால் மட்டும் அளக்காதீர்கள். அவர் வரைந்தவற்றையும் மேசையில் வைத்துப் பாருங்கள். உள்ளே எடுத்தபின் குழந்தை உளவியலைக் கறாராகச் சொல்லிக்கொடுங்கள், தேறாதவரை வெளியே அனுப்புங்கள். தேவை வந்தால் கதவு அகலும் என்பது நமக்குத் தெரியும். 2021இல் பற்றாக்குறை முற்றியபோது ஒரே தடவையில் 18,702 ஆசிரியர்களைச் சிறப்புச் சேர்க்கையில் எடுப்பதாக அமைச்சு அறிவித்ததே.

மூன்றாவது, நமக்கு நாமே செய்ய வேண்டியது. இப்போது ஓவியம் எடுத்துக்கொண்டிருக்கும் 'ஓப்ஷன் இல்லாத' ஆசிரியர்கள்தான் இன்னும் இருபது வருடம் எடுக்கப் போகிறார்கள். அவர்களை விட்டுவிட்டுப் பேசுவதில் அர்த்தமில்லை. வாரம் ஒரு மாலை கூடி வரையலாம். எனக்குத் தெரிந்த தூரிகையை நான் சொல்லித் தருகிறேன். அவர்களுக்குத் தெரிந்த எட்டு வயதை எனக்குச் சொல்லித் தரட்டும். புதன்கிழமைகளில் கடையை ஆறு மணிக்குச் சாத்திவிடுவேன்.

அக்கா மகள் போன வாரம் ஜன்னலை வரைந்தாள். எதிர் புளோக்கில் காயும் ஒரு சிவப்புத் துணி, மலையைவிடப் பெரியதாக இருந்தது. நான் பென்சிலைத் தொடவில்லை.

"இத பள்ளிக்கூடத்துல குடுத்தா மார்க் போடுவாங்களா மாமா?"

தெரியவில்லை. அதற்காகத்தான் இதை எழுதினேன்.